நீர் கசியும் கோடு

தமிழ்க் குழு ஒன்றை ஏற்றிக்கொண்டு வேன் திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் யாராவது ஒருவர் ‘கோவிந்தா’ என்று ஆரம்பிப்பார். அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை கைடு வாயைத் திறக்க வேண்டியதில்லை. இறங்கும்போது மொட்டைத் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். மடியில் லட்டுப் பை. அப்போதும் எனக்கு வேலையில்லை. இப்படி யாரும் எதையும் கேட்காத அந்தப் பாதையில், சாலைக்காக வெட்டிய பாறைச் சரிவில், உலகத்துப் புவியியல்காரர்கள் தேடி வந்து பார்க்கும் கோடு ஒன்று ஓடுகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்துப் பலகையும் நட்டிருக்கிறது. டிரைவர் பக்கத்து இருக்கையில் மைக்கோடு உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கடக்க ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. முதல் நாலு வருடம் நானே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுவும் நான் சமூக அறிவியல் வாத்தியார்.

நகரிக்காரன் நான். விசைத்தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும் ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, எங்கள் தெரு ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, தமிழ் மீடியத்தில் முப்பது வருட வேலை. 2015இல் ஓய்வு பெற்றதும், திருப்பதியில் டிராவல்ஸ் வைத்திருந்த சிநேகிதர், “சார், தமிழ்நாட்டுக் கூட்டத்துக்குக் கதை சொல்ல ஆள் வேணும்” என்றார். காணிப்பாக்கம், காளஹஸ்தி, திருச்சானூர், கபில தீர்த்தம், மேலே பாபவிநாசம், ஆகாச கங்கை. கதைகளுக்கா பஞ்சம்?

2019இல் மகள் மெல்போர்னுக்கு அழைத்துப் போனாள். ஒரு சனிக்கிழமை காரில் மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, வார்ணம்பூல் என்ற கடலோர ஊரைத் தாண்டி டவர் ஹில் என்ற இடத்தில் நிறுத்தினாள். அணைந்துபோன எரிமலை. பெரிய கிண்ணம் போல வாய், உள்ளே ஏரி, ஏரிக்குள் குட்டிக் குட்டி மேடுகள், அவற்றின் மேல் ஈமு கோழிகள் எங்கள் ஊர்ப் பசுமாடு மாதிரி அலட்சியமாக நடந்துகொண்டிருந்தன. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண். முதல் வாக்கியத்திலேயே, இது யாருடைய மண், தான் யாருடைய பேத்தி என்று சொல்லிவிட்டுத்தான் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு செடியிலும் நின்றார். இது கூடை பின்ன, இது காயத்துக்கு, இது பசிக்கு.

பிறகு ஒரு ஓவியத்தின் நகலைக் காட்டினார். யூஜீன் வான் கெரார்டு என்பவர் 1855இல் வரைந்தது. வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்த பிறகு அந்த மலையை மொட்டையடித்துவிட்டார்கள். 1960களில் திரும்ப மரம் நட ஆரம்பித்தபோது, எந்த மரம் எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ள அந்த ஓவியத்தைத்தான் பார்த்தார்களாம். கடைசியாக ஒரு கல் கோடரியின் கதை. 1940களில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடைத்தது. அப்படியென்றால் மலை வெடித்தபோது அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த எரிமலைக்கு ஏறத்தாழ 37,000 வயது என்று மறு ஆண்டே ஓர் ஆய்வு வந்தது. “எங்க பாட்டிகள் இதைப் பார்த்தவங்க” என்று அவர் சொன்ன தோரணையில், போன வருடம் நடந்ததோ என்று தோன்றியது.

திரும்பும் வழியில் மகள் சாதாரணமாகச் சொன்னாள்: “நம்ம ஊர்ல எரிமலையும் இல்ல, இந்த மாதிரி ஆதிவாசி கைடும் இல்லப்பா.”

இரண்டும் தப்பு. ஆனால் அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

எரிமலையை முதலில் முடித்துவிடுகிறேன். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பம் பக்கம், கோலார் தங்க வயலின் பாறைப் பட்டை நம் எல்லைக்குள் வால் நீட்டுகிறது. சிகரகுண்டா, பீசாநத்தம் தங்கச் சுரங்கங்கள் அந்த வாலில்தான் தோண்டப்பட்டன. ஏறத்தாழ 270 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு அது. தண்ணீரில் விழுந்த குழம்பு சட்டென்று மேல்தோல் இறுகி, தலையணை தலையணையாக உருளும். கோலார் தங்க வயலை ஒட்டிய பெத்தபள்ளியில் அந்தக் கல் தலையணைகளை இன்றைக்கும் பார்க்கலாம். அதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். வடக்கே ரயில்வே கோடூரைத் தாண்டினால் மங்கம்பேட்டை. உலகத்திலேயே மிகப் பெரிய ஒற்றைப் பேரைட்டு படிவம் அங்கே இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு இந்தக் கனமான சாம்பல் நிறக் கல் இல்லாமல் முடியாது. அது எரிமலையோடு சேர்ந்து பிறந்தது என்று சொல்லி அதற்கும் நினைவுச்சின்னப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் தவிர யாரும் போவதில்லை.

மூன்றாவது, எங்கும் கிடப்பது. சித்தூர்ப் பக்கம் பொட்டல் காட்டில், வெளுத்த உருண்டைக் குன்றுகளுக்கு நடுவே, கரிய கற்கள் அடுக்கிவைத்த மதில் மாதிரி நேர்க்கோட்டில் மைல் கணக்கில் ஓடும். யாரோ பாளையக்காரன் கட்டிய கோட்டைச் சுவர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பூமிக்கு அடியிலிருந்து மேலே வரப் பார்த்த குழம்பு, கிரானைட்டின் பிளவுகளில் மாட்டிக்கொண்டு உறைந்தது அது. டைக் என்பார்கள். குவாரிக்காரர்களுக்கு அது ‘பிளாக்’. கல்லறைப் பலகைக்கு வெளிநாடு போகிறது.

இப்போது மலைப்பாதைக் கோட்டுக்கு வரலாம். கோட்டுக்குக் கீழே இருப்பது கிரானைட், ஏறத்தாழ 250 கோடி வயது. அதன் பிளவுகளில் இந்தக் கரிய டைக்குகளும் உண்டு. கோட்டுக்கு மேலே அடுக்கடுக்காக, செந்நிறமும் பழுப்புமாக, செங்குத்தாக நிற்பது குவார்ட்சைட். ஏதோ ஒரு கடலோரத்து மணல் படிந்து இறுகிய கல். கீழ்க்கல்லுக்கும் மேல்கல்லுக்கும் நடுவே 50 கோடி வருடங்களுக்கும் மேல் காணாமல் போயிருக்கிறது. அத்தனை காலமும் அங்கே மலைகள் நின்று, தேய்ந்து, தரைமட்டமாகி, டைக்குகளின் தலையும் சேர்ந்து சீவப்பட்டு, அப்புறம்தான் மணல் வந்து மூடியிருக்கிறது. எப்பார்க்கியன் அன்கன்ஃபார்மிட்டி என்பது அதன் பெயர். ஒரு கையால் கீழ்க்கல்லையும் மறு கையால் மேல்கல்லையும் தொடலாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அவ்வளவு காலம். மேலே சிலா தோரணத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதுவும் இதே மேல்கல்தான். எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், காற்றும் மழையும் குடைந்தது.

அந்த மேல்கல்லின் பெயர் நகரி குவார்ட்சைட். என் ஊர்ப் பெயர்! 1872இல் புவியியலாளர் வில்லியம் கிங் கடப்பை, கர்நூல் பாறைகளைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். இந்தப் பாறைகளை அடுக்குப் பிரித்துப் பெயர் வைத்த வேலை அவரிலிருந்து தொடங்குகிறது. எங்கள் மலையின் உச்சி ஏறத்தாழ 2,800 அடி, மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். சென்னைக்கு வந்த கப்பல்காரர்கள் கடலிலிருந்தே அதை அடையாளம் பார்த்து ‘நகரி மூக்கு’ என்றார்கள். அந்த மூக்கின் அடியில் உட்கார்ந்து முப்பது வருடம் ஆண்டிஸ் மலையின் உயரத்தை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன்.

இந்தக் கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து உடைந்து உருண்ட குவார்ட்சைட் கூழாங்கற்களாகி, சத்தியவேடு, அல்லிக்குழி மேடுகளில் திரளாகப் படிந்து கிடக்கிறது. எங்கள் நகரி ஆறு பூண்டி ஏரிக்குத்தான் போகிறது. அந்த ஏரிப் பக்கம் அத்திரம்பாக்கம் ஓடைக்கரையில், 1863இல், ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் இதே கிங்கும் கல் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். அதே வருடம் மே மாதம் பல்லாவரத்தில் ஃபூட்டுக்கு முதல் கருவி கிடைத்திருந்தது. அத்திரம்பாக்கக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு ஏறத்தாழ 15 லட்சம் வயது என்று 2011இல் சாந்தி பப்புவின் குழு கணக்கிட்டது. கருவிகள் செய்த கல் எது? குவார்ட்சைட். கோட்டுக்கு மேலிருக்கும் கல் உருண்டு போய், மனிதக் கையில் முதல் ஆயுதமாகியிருக்கிறது. ரேணிகுண்டாவில் விமானத்துக்கும் ரயிலுக்கும் ஓடுகிறோமே, அதன் சுற்றுப்புறத்தில் எம்.எல்.கே. மூர்த்தி சின்னஞ்சிறு கல் கத்திகளையும் செதுக்குளிகளையும் கண்டுபிடித்து 1968இல் எழுதினார். பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டம் அது.

டவர் ஹில் கோடரிக்கு ஈடு நம்மிடம் இல்லையா? கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் இருக்கிறது. 74,000 வருடங்களுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்துப் பறந்த சாம்பல் அங்கே கனமாகப் படிந்து கிடக்கிறது; பாத்திரம் தேய்க்கும் பொடிக்காக ஊர்க்காரர்கள் தோண்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் கற்கருவி என்று 2007இல் ஆய்வு வந்தது. வானம் இருண்டு சாம்பல் கொட்டிய பிறகும் இங்கே யாரோ கல் உடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ‘எங்க பாட்டிகள் பார்த்தவங்க’ என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை.

ஆளில்லை என்பதும் சரியில்லை. சங்கப் புலவர் மாமூலனார் வேங்கட மலையைப் பாடும்போது புல்லி என்ற தலைவனைச் சொல்கிறார். கள்வர் கோமான், மழவர் நாட்டை வணக்கியவன், வள்ளல். அவனுடைய ஆட்கள் காட்டுப் பொருளைக் கொடுத்து நெல்லும் கள்ளும் வாங்கிக் களித்திருந்தவர்கள். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறிவிடும் என்றும் அவரே சொல்கிறார். பெருமாளுக்குக் கோயில் எழும்பிய காலத்துக் கதைகளுக்கு முன்னால், தமிழ் எழுத்தில் இந்த மலைக்குச் சொந்தக்காரனாக வருகிறவன் அந்தக் காட்டுத் தலைவன்.

காளஹஸ்தியில் கண்ணப்பர் கதை சொல்லும்போது வேனில் ஈ பறந்தாலும் கேட்கும். திண்ணன் என்ற வேடன். வாயில் தண்ணீரைச் சுமந்து வந்து கொப்பளித்து அபிஷேகம், தான் சுவைத்துப் பார்த்த பன்றிக்கறி படையல், கண்ணைப் பிடுங்கி அப்பிய அன்பு. சுந்தரர் அவனை நாயன்மார் வரிசையில் உட்காரவைத்துவிட்டார். பாட்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கீழே இறங்கி வந்ததும், கோயில் தெரு ஓரத்தில் வேர், தேன், ஈச்சம்பாய் விற்கிற கறுத்த ஆட்களைப் பார்த்து, “பையை இறுக்கிப் பிடிச்சுக்கங்க” என்று அதே பாட்டிமார்கள் எச்சரிப்பார்கள். வருடக்கணக்காக நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அவர்கள் யானாதிகள். ஆந்திரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் இருளர், இந்தப் பக்கம் யானாதி. வயல் எலியைப் பிடிக்கும் புகைப்பானை இருவருக்கும் பொது. பெயர் எங்கிருந்து வந்தது? ‘அனாதி’, ஆரம்பம் இல்லாதவர் என்ற சொல்லிலிருந்து என்று ஒரு விளக்கம் உண்டு. டி. ரங்கராவ் நெல்லூர் யானாதிகளைப் பற்றி 1901இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக எழுதினார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் தன் ஏழு தொகுதி நூலில் அதை அள்ளிப் போட்டுக்கொண்டார். கட்டையைக் கடைந்து தீ உண்டாக்குவது, காட்டு மருந்துகள் பற்றிய அறிவு எல்லாம் அதில் இருக்கிறது. நெல்லூரில் அவர்களுக்காகவே உழைத்த வென்னெலகண்டி ராகவையா 1962இல் தனிப் புத்தகமே எழுதினார். புத்தகத்துக்குக் குறையில்லை.

யானாதிகளின் பெரிய வீடு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தீவு என்றால்தான் உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது அது நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் நீளமான மணல் திட்டு, மேலெல்லாம் அடர்ந்த காடு. 1835இல் கும்பினி அரசு தீவை எடுத்துக்கொண்டது. அதற்கு முன் தங்களுக்காகச் சேகரித்ததை யானாதிகள் அப்புறம் சர்க்காருக்காகச் சேகரித்தார்கள்: தேன், மெழுகு, மூலிகை. தீவின் விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று. நம் தாத்தாக்கள் வீட்டு அடுப்பில் எரிந்ததில் கொஞ்சம் அவர்கள் காடு. 1969இல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தீவு தேர்வானது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. தீவிலிருந்த குடியிருப்புகள் கரைக்கு மாற்றப்பட்டன. ராக்கெட்டைப் பார்க்க வேன் கொண்டு போகும்போது கவுண்ட்-டவுன் பற்றி அழகாகப் பேசுவேன். கைதட்டல்கூட உண்டு. இந்தத் தீவில் முன்பு யார் இருந்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மலைக்காட்டிலும் கேட்கக்கூடாத கேள்விகள் இருக்கின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்தவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. நான் கைடு வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. அந்த மாதம் வேனில் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “ரோடு சேஃபா சார்?”

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய பிறகு கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். வேனை ஓரம் கட்ட அனுமதி இல்லாத வளைவு. இருபது விநாடிதான் கிடைக்கும். “வலது பக்கம் பாருங்க, அம்பது கோடி வருஷம்” என்பேன். கோவிந்தா நாமத்துக்கு நடுவே அது ஏதோ புதுச் சீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி விழும். ஒரு தடவை ஒரு பெரியவர் மட்டும், “அப்போ பெருமாள் எந்தக் கல்லு சார், மேலயா கீழயா?” என்றார். நல்ல கேள்வி. பதில் சொல்லும் தைரியம் வரவில்லை.

யானாதிப் பெரியவர் ஒருவரை எனக்குப் பழக்கம். மலையடிவாரக் காலனி. மாகாளிக் கிழங்கு கொண்டுவந்து திருப்பதியில் கொடுப்பார். நன்னாரி சர்பத் என்று வெயிலுக்குக் குடிக்கிறோமே, இங்கே அதற்குப் பெரும்பாலும் இந்தக் கிழங்குதான். தெலுங்கில் மாரேடு கொம்முலு. எல்லாரும் தோண்டித் தோண்டி இப்போது கிழங்கே அருகிவிட்டது, அரை நாள் நடந்தால்தான் என்பார். போன தையில் காஞ்சிபுரத்துக் குழு ஒன்று நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டு வந்தது. அவரைக் கேட்டேன்: “எங்ககூட வர்றியா? நீ சொல்லு, நான் தமிழ்ல சொல்றேன்.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “நானா சாமி? சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்றார். டவர் ஹில்லில் அந்தப் பெண்மணிக்கு வந்தது போல முதல் வாக்கியம் இவருக்கு வரவில்லை. இது யாருடைய மண் என்று சொல்லும்படி இவரை யாரும் கேட்டதே இல்லையே.

அலிபிரிப் படிகளில் முதலில் பேசாமல்தான் வந்தார். பிறகு ஒரு திருப்பத்தில் தானாக நின்றார். எதிரே சரிவின் நடுவயிற்றைக் காட்டினார். உருண்டைப் பாறை முடிந்து அடுக்குப் பாறை தொடங்கும் இடம். “கோடை ஆனாலும் அந்த வரிசையிலதான் ஈரம் கசியும். மேல் கல்லு தண்ணி குடிக்கும், கீழ் கல்லு குடிக்காது. அதனால நடுவுல வெளிய வந்துடும். எங்கப்பா அந்த வரிசையைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாரு. தண்ணியும் கிடைக்கும், தேனும் கிடைக்கும்.” கை விரல் மலையின் இடுப்பை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்தது. புவியியல் வரைபடத்தில் சிவப்பு மையால் போட்டிருக்கும் கோட்டை, ஒரு வளைவுகூடத் தப்பாமல் அந்த விரல் காற்றில் போட்டது.

நான் தமிழில் சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஓர் அம்மாள் அவருடைய தோள் பையில் நீட்டிக்கொண்டிருந்த கிழங்கைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன தம்பி, ஊறுகாய் போடற மாகாளியா? கிலோ என்ன விலை?”

அவர் விலை சொன்னார். அந்த அம்மாள் பாதிக்குக் கேட்டார்.